கடைசி யாரு?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து லான்சிங் ஊரில் இருக்கிற கியூபாக்காரர்கள் நாக்கு எதற்காவது ஏங்கினால் கடைக்குப் போக மாட்டார்கள். ஒதாலிஸுக்குப் போன் போடுவார்கள். கொய்யா அல்வா டப்பா மெக்சிக்கோக்காரர் கடையில் மூன்றாவது தட்டில் பீன்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, உப்பு பிஸ்கட் டொமினிக்கன் கடைக்குச் செவ்வாய்க்கிழமைதான் வரும், வியாழனுக்குள் தீர்ந்துவிடும் என்றெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டே காதில் போனை இடுக்கிக்கொண்டு பதில் சொல்வாள். ஒருமுறை கொய்யா பப்ஸ் வாங்குவதற்காக மட்டும் சிகாகோவுக்கு நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும் வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டு, மீதியை ஊருக்குப் பங்கு வைத்தாள். அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை.

இப்படி எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிறவள் ஒரே ஒரு பலகாரத்தை மட்டும் இருபத்தொன்பது வருஷமாகத் தேடவில்லை. மசரியால். கியூபாவில் தள்ளுவண்டியில் விற்கும் ஏழைகளின் பலகாரம் அது. பழுப்பு நிற மாவு மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு, நடுவில் கொய்யா அல்வா. சதுரமாக வெட்டிக் கொடுப்பார்கள். ஒரு துண்டு தின்றால் மத்தியானம் வரை பசிக்காது. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அது இங்க எங்கயும் கிடைக்காது, விடுங்க" என்று பேச்சை வெட்டிவிடுவாள். தேடிப் பார்க்காமலே கிடைக்காது என்று சொல்கிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் இந்த மார்ச் மாதம் ஊர் முழுக்க மசரியால் தேட ஆரம்பித்தாள். காரணம், அவளுடைய அக்கா நெரெய்தா வந்திருந்தாள்.

நெரெய்தாவுக்கு ஐம்பத்தாறு வயது. கியூபாவின் கடலோர ஊரான கைபாரியெனில் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒதாலிஸ்தான் அவளுக்குப் பொறுப்பேற்று, காகிதங்களில் கையெழுத்துப் போட்டு, விமான டிக்கெட் எடுத்து வரவழைத்தாள். ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கிய அக்கா, விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள், எல்லாம் முறைப்படி செய்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள். காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள். காபி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாருக்கு, நன்றி" என்றாள். சர்க்கரை போதுமா என்று கேட்டால், "போதும், நன்றி" என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை நன்றிதான் ஒரு மனுஷி தாங்குவாள்? தங்கச்சியின் வீட்டில் அவள் ஓட்டலில் தங்குவதுபோல் தங்கினாள்.

ஒதாலிஸ் ஒருமுறை, 2006-ல், மூன்று பெட்டி நிறையச் சாமான்களோடு ஊருக்குப் போனபோதும் இப்படித்தான் நடந்தது. அம்மா அதற்கு மூன்று வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அக்கா விருந்தாளிக்கு எடுக்கும் தங்க விளிம்புக் கோப்பையில் காபி கொடுத்தாள். சொந்தத் தங்கச்சிக்கு அந்தக் கோப்பை! திட்டியிருந்தால், நாலு அறை விட்டிருந்தால் அன்றே கணக்குத் தீர்ந்திருக்கும். நெரெய்தா திட்டவில்லை. அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்காததால் இவளும் சொல்லவில்லை.

அந்த நாள் 1994 ஆகஸ்டில் வந்தது. ஊரில் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை, நாளில் பாதி நேரம் கரண்டும் இல்லை. ஒரு காலை, ரயில் நிலையத்துப் பக்கத்து ரொட்டிக்கடையில் மசரியால் போடப் போகிறார்கள் என்று செய்தி பரவியது. ஆளுக்கு இரண்டு. நெரெய்தா விடியும்போதே போய் இடம் பிடித்தாள். ஆறரைக்கு ஒதாலிஸ் வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அக்கா, பையை மறந்துட்டேன். என் இடத்தைப் பாத்துக்கோ, எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடற்கரைக்குப் போனாள். அங்கே அவளுடைய ஆள் ரேய், லாரி டியூபுகளையும் கதவுப் பலகைகளையும் கட்டி ஒரு மிதவை செய்து வைத்திருந்தான். அந்த மாதம் கடலில் இறங்கிப் போகிறவர்களைப் போலீஸ் தடுக்கவில்லை. தடுப்பதென்றால் வீட்டு ஆட்கள்தான் தடுப்பார்கள். அம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதித் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். அக்காவுக்கு எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அப்புறம் நடந்ததை எல்லாம் அவள் நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுவாள். மூன்று நாள் கடலில் கிடந்தார்கள். அமெரிக்கக் கப்பல் ஒன்று பிடித்துக்கொண்டுபோய் குவாந்தானமோ படைத்தளத்துக் கூடாரத்தில் பத்து மாதம் வைத்தது. ஒரு தேவாலயத்துக்காரர்கள் லான்சிங்குக்குக் கூட்டி வந்தார்கள். ரேய் இரண்டாவது குளிரைத் தாங்க மாட்டாமல் டெக்ஸாசுக்குப் போனான், போனவன் போனவன்தான். அவன் போனதற்கு அவள் அழுதது ஒரு வாரம். அக்காவை நினைத்து அழுததற்கு அளவில்லை. ஒன்றை மட்டும் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வாள். போகட்டும், அன்றைக்கு அக்காவாவது இரண்டு மசரியால் வாங்கித் தின்றிருப்பாள்.

இப்போது அக்கா போகப் போகிறாள். வந்து மூன்று வாரம் ஆகி, கைரேகை, அட்டை என்று குடியேற்ற அலுவலகத்தில் இருந்த வேலைகள் முடிந்ததும், ஒரு காலை காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"யோயெல் தாம்பாவுக்கு வரச் சொல்றான். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு பஸ்ஸு. டிக்கெட் போட்டுட்டான்."

யோயெல் அவளுடைய மகன். தூரத் தெற்கில் இருக்கும் தாம்பா நகரத்தில் ஒரு அறையில் மூன்று பேரோடு இருப்பவன். அவனுக்கே படுக்க இடமில்லை.

"அங்க போய் எங்க படுப்ப?"

"பாத்துக்கலாம். உனக்கு எதுக்குத் தொந்தரவு? நீ நிறையப் பண்ணிட்ட. நன்றி."

ஒதாலிஸ் சலவைக்கூடத்துக்குப் போய் அன்று முழுக்க ஒரே தலையணை உறையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பஸ் ஏறிவிட்டால் முடிந்தது, இனி கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு போன் என்று செத்தே போய்விடுவோம் என்று நினைத்தாள். வாயால் ஆரம்பிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. அந்த மசரியாலை ஒரு தட்டில் வைத்து அக்காவின் முன்னால் நீட்டினால் அதுவாக ஆரம்பிக்கும் என்று தோன்றியது. பேச முடியாதவர்கள் பலகாரத்தை நீட்டுவது எங்கள் கியூபாக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான்.

எங்கெங்கோ தேடினாள். போலந்துக்காரர் பேக்கரியில் ஒன்றைக் காட்டினார்கள், அதில் அத்திப்பழம் இருந்தது. சூப்பர்மார்க்கெட் பிஸ்கட் பாக்கெட் ஒன்று படத்தில் மசரியாலின் தம்பிபோல் இருந்தது, வாயில் போட்டால் மரத்தூள். கடைசியில் எவெலியோவைப் பிடித்தாள். எவெலியோ மயாமிக்குப் பக்கத்து ஹயலியாவிலிருந்து வேன் ஓட்டி வருபவன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மூடிக் கிடக்கும் டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் வண்டி நிறுத்துமிடத்தில் வந்து நிற்பான். பப்ஸ், குரோக்கெத்தா என்கிற இறைச்சி வடை, நீள ரொட்டி எல்லாம் கொண்டு வருவான்.

"மசரியாலா? அதை எவன் இங்க போடறான்? மயாமில எல்லாரும் பெரிய மனுஷங்க ஆயிட்டாங்க தாயே. அதைத் தின்னா கௌரவம் கொறஞ்சிடும்."

"எவெலியோ, உன் காலைப் பிடிக்கறேன்."

"போன்ல எப்படிப் பிடிப்ப?" என்று சிரித்தவன், இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். "ஒரு கெழவன் வீட்டுல போடறான். ஒரே தட்டு தருவானாம், முப்பது துண்டு. ஆளுக்கு ரெண்டு, வரிசைல நின்னு வாங்கிக்கோ. உனக்குன்னு தனியா எடுத்து வெக்க மாட்டேன். போன தடவ ஒருத்திக்கு ரொட்டி எடுத்து வெச்சதுக்கு என் சட்டையப் பிடிச்சுட்டாங்க."

"சரி, யார்கிட்டயும் சொல்லாத."

அவன் யாரிடமும் சொல்லவில்லை. காசில்தாவிடம் மட்டும் சொன்னான். எழுபது வயதுக் காசில்தாவிடம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்றுதான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஒதாலிஸ் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். "ரொட்டி வாங்கப் போறேன், வரியா? நாலு பேரைப் பாத்த மாதிரி இருக்கும்" என்றுதான் சொன்னாள். மசரியால் என்ற சொல்லை வாயைத் திறந்து சொல்லவில்லை.

டயர் கடைக்குப் பின்னால் ஏற்கனவே பதின்மூன்று பேர் இருந்தார்கள். வெளியாள் யாராவது பார்த்தால் அங்கே வரிசை இருப்பதாகவே நினைக்க மாட்டார்கள். சுவரோரமாக நாலு பேர், கார் பானெட்டில் சாய்ந்து இரண்டு பேர், தள்ளுவண்டியில் இரட்டைக் குழந்தைகளை வைத்து ஆட்டிக்கொண்டு ஒரு பெண், தூரத்தில் சிகரெட்டோடு ஒருவர். ஆனால் வரிசை இருந்தது. கியூபாக்காரர்கள் வரிசையைக் காலால் நிற்பதில்லை, தலைக்குள் வைத்திருப்பார்கள். வருகிறவர் "கடைசி யாரு?" என்று குரல் கொடுப்பார். கடைசியாக வந்தவர் கையைத் தூக்குவார். அவ்வளவுதான், இனி இவர்தான் கடைசி. அடுத்தவர் வந்து கேட்கும்போது கையைத் தூக்கிவிட்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம், தன் முறை வரும்போது வந்தால் போதும்.

ஒதாலிஸும் கேட்டாள். "கடைசி யாரு?"

"நான்தாம்மா" என்று பழுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் கையைத் தூக்கினார்.

"சரி, உங்களுக்குப் பின்னாடி நானு." அடுத்துப் பையனோடு வந்த ஒருத்திக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, காருக்குள் போய் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏப்ரல் என்று பெயர்தான், காற்று காதை அறுத்தது.

நெரெய்தா உட்காரவில்லை. "கால் மரத்துப் போகுது" என்று இறங்கினாள். கண்ணாடி வழியாக ஒதாலிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தாள், எந்த ஊர் என்று கேட்டாள். ஒருவரிடம் பேசியபோது அவள் சட்டென்று நின்றாள். திரும்பிக் காரைப் பார்த்தாள். என்ன வருகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று ஒதாலிஸுக்குப் புரிந்தது. அக்கா கோபித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பயந்தாள். அக்கா போகவில்லை. கழுத்துத் துணியை இழுத்துச் சுற்றிக்கொண்டு மறுபடி பேச்சைத் தொடர்ந்தாள்.

பத்து மணிக்கு வேன் வந்தது. அதுவரை சிதறிக் கிடந்தவர்கள் மணி மாலையைக் கோத்ததுபோல் வந்து நின்றார்கள். ஒதாலிஸ் அரக்கப் பரக்க ஓடி வந்தாள். பழுப்புக் கோட்டைக் காணோம்.

"இங்க பழுப்புக் கோட்டுக்காரர் ஒருத்தர் இருந்தாரே?"

"அவரு எப்பவோ போயிட்டாரு" என்றாள் காசில்தா. "பொண்டாட்டி போன் பண்ணினா, போயிட்டாரு."

"அவருக்குப் பின்னாடி நான்தான்."

"இருக்கலாம் கண்ணு. அவரு யாருக்குப் பின்னாடி?"

ஒதாலிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது கேள்வி! எங்கள் ஊரில் ஏழு வயதுக் குழந்தைகூட அதைக் கேட்க மறக்காது. கடைசி யார் என்று கேட்டதும், "நீங்க யாருக்குப் பின்னாடி?" என்றும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருப்பவர் எழுந்து போய்விட்டால் நம் இடம் அந்தரத்தில் தொங்கும். அமெரிக்காவில் கோடு போட்ட இடத்தில் கால் வைத்து நின்று நின்று அவள் இதை அடியோடு மறந்துவிட்டாள்.

"கேக்கலியா?" காசில்தா கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "இருபத்தெட்டு வருஷம் மிச்சிகன்ல இருந்து என்னத்தக் கத்துக்கிட்ட? வரிசைல நிக்க மறந்ததுதான் மிச்சம். போ, போ. போய்க் கடைசில நில்லு."

"நான் ஒம்பது மணிக்கே வந்துட்டேன்! இந்த மசரியாலைக் கொண்டு வரச் சொன்னதே நான்தான்!"

"கொண்டு வரச் சொன்னவளுக்குத் தனி வாசலா? கார்ல கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தியே, நாங்க பாக்கலியா?"

பின்னால் முப்பது பேர் சேர்ந்திருந்தார்கள். தட்டில் இருப்பது முப்பது துண்டு. கடைசிக்குப் போனால் ஒரு பொருக்குகூட மிஞ்சாது. ஒதாலிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் நடு ரோட்டில் அழுதுவிடுவோமோ என்று பயந்தாள்.

அப்போது நெரெய்தா பேசினாள். வகுப்பில் பேசுவதுபோல் நிதானமாகப் பேசினாள்.

"பழுப்புக் கோட்டுக்காரர் இந்த ரெட்டைக் கொழந்தைக்காரிக்குப் பின்னாடி. இந்தம்மா அந்த சிகரெட்டுக்காரருக்குப் பின்னாடி. அவரு உங்களுக்குப் பின்னாடி. நீங்க வந்தப்போ உங்களுக்கு முன்னாடி யாருன்னும் சொல்லட்டுமா?"

இரட்டைக் குழந்தைக்காரி, "ஆமா, கோட்டுக்காரர் எனக்குப் பின்னாடிதான் வந்தாரு" என்றாள்.

காசில்தா நெரெய்தாவை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எப்ப வந்தீங்க?"

"மூணு வாரம் ஆச்சு."

"அதானே! இன்னும் மூளை கெடல." தள்ளி நின்று வழிவிட்டாள். "எத்தன பேரு நீங்க?"

"ரெண்டு பேரு. நானு, எனக்குப் பின்னாடி என் தங்கச்சி."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒதாலிஸ் மட்டும் சட்டென்று அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். ரொட்டிக்கடை வாசலில் அக்கா அன்றைக்கு இதே சொற்களைத்தான் சொல்லியிருப்பாள். எத்தனை தடவை சொல்லியிருப்பாள்?

வரிசை நகர்ந்தது. காற்றில் மாவு வாசனையும் கொய்யா வாசனையும் வந்தன. எவெலியோ தட்டின் மேலிருந்த காகிதத்தை விலக்கியபோது எல்லோரும் "ஹா" என்றார்கள். காசில்தா இரண்டு வாங்கினாள். சிகரெட்டுக்காரர் இரண்டு வாங்கினார். அடுத்தது இரட்டைக் குழந்தைக்காரி, அவளுக்கு அடுத்தது இவர்கள். ஒதாலிஸ் தன் தோளைத் தடவினாள். காசு இருந்த பையைக் காணோம். காரிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

சொல்ல வேண்டிய சொற்கள் தொண்டை வரை வந்து நின்றன. பையை மறந்துட்டேன், என் இடத்தைப் பாத்துக்கோ, எடுத்துட்டு வந்துடறேன். இந்தச் சொற்களை இந்த அக்காவிடம் இன்னொரு முறை எந்த வாயால் சொல்வாள்? நாக்கை அறுத்துப் போட்டாலும் சொல்ல முடியாது.

"அக்கா," என்றாள், "நீ போய் கார்லேர்ந்து என் பையை எடுத்துட்டு வரியா?"

நெரெய்தா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உன் கார் கதவைத் திறக்க எனக்குத் தெரியாது. நீ போ."

"வேணாம். விட்டுடலாம். ரொட்டி கூட வேணாம், வீட்டுக்குப் போயிடலாம்."

"போய் எடுத்துட்டு வா. நான் இங்கதான் இருக்கேன்."

ஒதாலிஸ் ஓடினாள். கார் அந்த இடத்தின் மறு கோடியில் நின்றது. சாவி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கதவைத் திறந்தால் பை இருக்கையின் மேல் இல்லை, அடியில் விழுந்து எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. முட்டி போட்டுக் கையை விட்டு வாரை விடுவித்தாள். பையோடு நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அப்பால் அக்கா தெரிந்தாள்.

நெரெய்தா வேனுக்கு முன்னால் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். எவெலியோ இரண்டு துண்டைக் காகிதத்தில் சுற்றி அவளிடம் நீட்டினான், காசு அப்புறம் தரலாம் என்பதுபோல் கையசைத்தான். அவள் தலையாட்டி மறுத்தாள். பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து முன்னே போகும்படி கையைக் காட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்தவருக்கும் கையைக் காட்டினாள், அவருக்கு அடுத்தவருக்கும். ஒவ்வொருவரிடமும் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு, வரும் வழியை ஒரு முறை எட்டிப் பார்த்தாள்.

இருபத்தொன்பது வருஷம் ஒதாலிஸ் அந்தக் காலையை ஆயிரம் தடவை நினைத்திருக்கிறாள். கடலை நினைத்திருக்கிறாள், அம்மாவின் தலையணையை நினைத்திருக்கிறாள். ரொட்டிக்கடை வாசலில் அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது கண்ணாலேயே பார்க்கிறாள்.

ஓடி வந்து சேர்ந்தபோது தட்டு காலி. எவெலியோ காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தான். "இந்தம்மாவை எத்தன தடவ கூப்பிட்டேன்! எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. என் தங்கச்சி வரட்டும், என் தங்கச்சி வரட்டும்னு அதையே சொல்றாங்க."

"ஏன் அக்கா?" ஒதாலிஸுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. "மூணு பேரை ஏன் விட்ட? உனக்குன்னு தேடித் தேடி வரவழைச்சேனே!"

"மூணு பேருக்கே இப்படி அழறியே" என்றாள் நெரெய்தா. "அன்னிக்கு எத்தன பேரை விட்டேன் தெரியுமா?"

ஒதாலிஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நாப்பத்தி மூணு. எண்ணிக்கிட்டே நின்னேன். என் முறை எட்டு மணிக்கு வந்துச்சு. என் தங்கச்சி பையை எடுக்கப் போயிருக்கா, இப்ப வந்துடுவா, நீங்க போங்கன்னு ஒவ்வொருத்தரையா விட்டேன். நான் வாங்கிட்டு நகந்துட்டா உன் இடம் போயிடுமே. பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திட்டாங்க. உன்னை என்னென்ன திட்டணும்னு யோசிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனேன். அம்மா உன் சீட்டைக் கைல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா."

"நீ... நீ வாங்கவே இல்லையா?"

"இல்ல. அப்புறமும் தின்னதில்ல."

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா." இதைச் சொல்ல அவளுக்கு இருபத்தொன்பது வருஷம் ஆனது, சொல்லி முடிக்க ஒரு நொடி ஆனது. "உன் முகத்தைப் பாத்துச் சொல்லியிருந்தா என்னால போயிருக்க முடியாது. அதான் ஓடிட்டேன்."

"போனது தப்புன்னு நான் எப்பவாவது சொன்னேனா? எல்லாரும்தான் போனாங்க. என் புள்ளயே போனான்." நெரெய்தாவின் குரல் முதல் முறையாக உடைந்தது. "போறேன்னு சொல்லியிருந்தா கடற்கரை வரைக்கும் வந்து அழுதுட்டுத் திரும்பியிருப்பேன். வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனியேடீ. அதைத்தான் என்னால தாங்க முடியல. அதுக்கப்புறம் எந்த வரிசைல நின்னாலும் எனக்குப் பின்னாடி காலியா இருக்கிற மாதிரியே இருந்துச்சு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் அடுத்தவர் குடும்பத்துப் பேச்சைக் கேட்காததுபோல் நடிக்கக்கூட மாட்டார்கள். இரட்டைக் குழந்தைக்காரி மூக்கை உறிஞ்சினாள். காசில்தா இதற்குள் தன் மசரியாலில் பாதியைக் கடித்து, நெடுநேரம் மென்றுகொண்டிருந்தாள்.

"நல்லாவே இல்ல" என்றாள் வாய் நிறைய மாவோடு. "செங்கல் மாதிரி இருக்கு. உங்களுக்குக் கிடைக்காததே நல்லது. இந்தாங்க, வேணும்னா கடிச்சுப் பாருங்க."

நெரெய்தா முதலில் சிரித்தாள். அப்புறம் ஒதாலிஸும் சிரித்தாள், அழுகை நிற்காமலே. காசில்தா நீட்டிய துண்டை இருவரும் வாங்கவில்லை. ஒருவர் கடித்ததை வாங்கித் தின்னவா இத்தனை காலம் காத்திருந்தார்கள்? எவெலியோ நாலு கொய்யா பப்ஸைப் பையில் போட்டுக் கொடுத்தான். ஒதாலிஸ் பையைத் திறந்து காசு கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு பஸ் பத்து மணிக்குத்தானே?"

நெரெய்தா வேன் கதவைச் சாத்தப்போன எவெலியோவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அடுத்து எப்ப வருவீங்க?"

"மே மாசம் முதல் சனிக்கிழமைம்மா."

"அந்தக் கெழவர் மறுபடியும் ஒரு தட்டு போடுவாரா?"

"சொன்னா போடுவாரு. யாரும் வாங்க மாட்டாங்கன்னு நெனச்சேன், இப்படிப் பறக்கறீங்களே!"

"அப்போ சொல்லி வைங்க." நெரெய்தா கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, அந்த வண்டி நிறுத்துமிடத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, வகுப்பறைக் குரலில் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. அடுத்த மாச வரிசைல நான்தான் முதல். எனக்குப் பின்னாடி என் தங்கச்சி."